சும்மா எடுத்த படம்

எங்கள் அம்மாவுக்கு ஒரே ஒரு புகைப்படம்தான் உண்டு. தோள்வரைக்குமான சின்னப் படம். யாரையோ அதட்ட வாயெடுத்து, பாதியில் சிரித்துவிட்ட முகம். வீட்டுக்கு வருகிறவர்கள் அதன் முன்னால் சற்று நின்றுவிட்டு, யார் எடுத்தது என்று கேட்பார்கள். மாமா எடுத்தது என்று இத்தனை காலமும் சொல்லி வந்தேன். அது பொய். எடுத்தது நான். அதைவிடப் பெரிய விஷயம், அந்தப் படம் எங்களுக்குச் சேரவேண்டியதே அல்ல. இன்னொரு வீட்டாருக்கு உரியதை நான் எடுத்துக்கொண்டேன். சம்பந்தப்பட்ட பெரியவர்கள் ஒருவர்கூட இப்போது உயிரோடு இல்லை என்பதால் சொல்வதற்குத் துணிச்சல் வந்திருக்கிறது. இது நல்ல துணிச்சல் அல்ல என்பதும் எனக்குத் தெரியும்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. பாறசாலை சந்திப்பில் ஒற்றை அறை ஸ்டுடியோ வைத்திருந்தார். செங்கல் என்ற ஊர்ப் பக்கத்துக் கிராமங்களில் அந்தக் காலத்தில் இரண்டு காரியங்களுக்குத்தான் படம் எடுப்பார்கள். ஒன்று கல்யாணம். மற்றது சாவு. சவப்பெட்டியைச் சுற்றிக் குடும்பம் முழுக்க நின்று ஒரு படம் எடுத்துக்கொள்ளாமல் அடக்கத்துக்குப் புறப்பட மாட்டார்கள். பெட்டியில் படுத்த பிறகுதான் முதல் தடவையாகப் படத்தில் வந்தவர்கள் எங்கள் ஊரில் ஏராளம். மாமாவின் சைக்கிள் ஒரு வீட்டு முன்னால் நின்றால், வழியில் போகிறவர்கள் முதலில் பந்தலைப் பார்ப்பார்கள். வாழை கட்டியிருக்காவிட்டால் சாவு வீடு என்று தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொள்வார்கள்.

அவருடைய பெட்டிக் கேமராவில் ஒரு பிலிமுக்குப் பன்னிரண்டு படங்கள். பதினொன்றை வேலைக்காரியத்துக்கு எடுத்துவிட்டு, கடைசி ஒன்றை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவருவார். எங்கள் குடும்பப் படங்கள் எல்லாமே இப்படி அடுத்தவர் கல்யாணத்திலும் சாவிலும் மிஞ்சியவைதான். அதையாவது ஒழுங்காக எடுப்பாரா என்றால், மாட்டார். அப்பா வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு வருவதற்குள், சட்டைக் கையில் தலை மாட்டிக்கொண்டு திணறுகிற அப்பாவை எடுத்து முடித்திருப்பார். ஆடு குடையைத் தின்கிறது, அக்கா பேன் பார்க்கிறாள், இதெல்லாம் படம். நல்ல பிலிமை நாசமாக்குகிறான் என்று அப்பா வருத்தப்படுவார்.

அம்மா மட்டும் அகப்பட மாட்டாள். கேமராவைக் கண்டால் அடுக்களைக்குள் ஓடிவிடுவாள். துரத்திப் போனால் முகத்தை முறத்தால் மறைத்துக்கொள்வாள்.

“ஊர்ல செத்தவனெல்லாம் எனக்கு அசையாம கெடக்கான். எனக்க அக்கா மட்டும் நிக்க மாட்டா” என்பார் மாமா.

“நானும் ஒருநாள் அசையாம கெடப்பேன். அப்பம் எடுத்துக்கோ” என்று உள்ளிருந்து குரல் வரும்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. என்னை மட்டும் தனியாக ஒரு படம் எடுக்கவேண்டும் என்று மாமாவை அரித்துக்கொண்டே இருந்தேன். அடுத்த பன்னிரண்டாவது உனக்காக்கும் என்பார். அடுத்தது ஆட்டுக்குப் போகும். அதற்கடுத்தது அக்காவுக்கு. ஆனாலும் பன்னிரண்டாவது படம் எங்கள் வீட்டுச் சொத்து என்பதில் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை.

எங்கள் வீட்டுக்குக் கிழக்கே, ஓடைக்கு அந்தப் பக்கம், கிணறு வெட்டுகிற பெரியவர் ஒருவர் இருந்தார். ஒரு விடியற்காலையில் அவர் இறந்துபோனார். ஒரே மகன் பெங்களூரில் பட்டாளத்தில் இருந்தான். தந்தி போயிற்று. அவன் வருவதற்காக அடக்கத்தை மறுநாள் மாலைக்குத் தள்ளிவைத்தார்கள். மறுநாள் காலையிலேயே மாமா போய்ப் படங்களை எடுத்துவிட்டார். பெரியவரின் மனைவி அவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தார்.

“மக்கா, தகப்பனும் மோனும் ஒரு படத்தில நின்னதில்ல. அது ஒண்ணு போதும் எனக்கு. மத்ததெல்லாம் உனக்க இஷ்டம்.”

அதற்காக மாமா ஒரு படத்தை மிச்சம் வைத்திருந்தார். திருவனந்தபுரத்தில் ரயில் இறங்கி, நெய்யாற்றின்கரை வழியாக பஸ்ஸில் மகன் வந்துசேர மாலையாகும் என்றார்கள். மதியம் கஞ்சி குடிக்க மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். கேமராவை மேஜைமேல் வைத்துவிட்டு, “ஒண்ணு கெடக்கு, பட்டாளத்தானுக்கு. ஒருத்தனும் தொடப்பிடாது” என்று சொல்லிப் பாயில் சாய்ந்தார். உடனே குறட்டை வந்தது.

நான் தொட்டேன். அதன் தலைப்பக்கம் ஒரு சின்னக் கண்ணாடி உண்டு. மேலிருந்து குனிந்து பார்த்தால் எதிரில் இருப்பது தீப்பெட்டியைவிடச் சின்னதாக, இடம் வலம் மாறித் தெரியும். அதைப் பார்ப்பது மட்டும்தான் என் நோக்கம் என்று பிறகு எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டேன். கேமராவை வயிற்றோடு அணைத்துக்கொண்டு பின்முற்றத்துக்கு வந்தேன். அடுக்களை வாசலில் அம்மா அகப்பையோடு நின்றுகொண்டிருந்தாள். கண்ணாடிக்குள் குட்டியாக ஒரு அம்மா.

“எலே, அதைக் கொண்டு உள்ள வை. மாமா எழும்பினா உனக்க தோலை உரிப்பான்.”

சொல்லிக்கொண்டே, கேமராவுக்கு மேல் கவிழ்ந்து கிடந்த என் தலையைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். நான் விசையைத் தட்டினேன். மெல்ல ஒரு சத்தம் கேட்டது.

கேமராவின் முதுகில் சிவப்புக் கண்ணாடி வைத்த ஒரு வட்டம் உண்டு. எத்தனையாவது படம் என்கிற எண் அதில் தெரியும். ஓடிப்போய் நிழலில் வைத்துப் பார்த்தேன். பன்னிரண்டுதான் இருந்தது. அப்படியானால் படம் செலவாகவில்லை என்று முடிவு செய்தேன். கையால் திருகினால்தான் பிலிம் நகரும் என்பது எனக்குத் தெரியாது. ஆனால் அந்தச் சத்தத்தைக் கேட்டது நிஜம். 

மாமா எழுந்ததும், கேமரா இடம் மாறியிருப்பதைப் பார்த்துவிட்டு, “ஆராவது தொட்டாங்களாலே?” என்று கேட்டார். இல்லை மாமா என்றேன்.

என் குற்றம் விசையைத் தட்டியதல்ல, இந்தச் சொல்தான். மகன் வர இன்னும் நேரமிருந்தது. தொட்டேன் என்று சொல்லியிருந்தால் மாமா சைக்கிளை மிதித்துப் போய் வேறு பிலிம் எடுத்து வந்திருப்பார். இரண்டு நாழிகைக் காரியம். நான் சொல்லவில்லை.

மாலையில் மகன் வந்தான். காக்கி உடுப்போடு, தொப்பியோடு, காலில் பூட்சோடு, பந்தலுக்குள் நுழைந்து பெட்டிக்குப் பக்கத்தில் மண்டியிட்டான். யாரும் சொல்லாமலே அப்பாவின் நெற்றியில் கையை வைத்துக்கொண்டான். மாமா அந்த நேரத்துக்காகவே காத்திருந்தார். கூட்டத்தின் கால்களுக்கு இடையில் நின்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதும் வாயைத் திறந்திருக்கலாம். பிறகு பெட்டியை மூடினார்கள். போதகர் பாட்டைத் தொடங்கினார்.

இரண்டு நாள் கழித்து, பள்ளிக்கூடம் விட்டதும் ஸ்டுடியோவுக்கு வரச்சொல்லி ஆள் வந்தது. உள்ளே சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தண்ணீர்த் தட்டில் ஒரு படம் மிதந்தது.

“இது ஆரு?”

“அம்மா.”

“இது?”

“பட்டாளத்தான்.”

இரண்டு பேரும் ஒரே படத்தில் இருந்தார்கள். திருகாத பிலிமில் இரண்டு காட்சியும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்துவிட்டிருந்தன. எங்கள் அடுக்களை வாசலின் இருட்டில், அம்மாவின் தோளுக்குப் பக்கத்தில், பட்டாளத்தானின் குனிந்த முகம் தெளிவாக இருந்தது. அம்மாவின் முகமும் தெளிவாக இருந்தது. அவள் உடுத்திருந்த வெள்ளை முண்டு, சரியாகப் பெரியவரின் முகத்தின் மேல் விழுந்து அதை வெளுப்பாக்கிவிட்டிருந்தது. மகன் கையை நீட்டி ஒரு வெள்ளைத் துணியைத் தொட்டுக்கொண்டிருந்தான். அப்பா இல்லை.

அடி விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன். மாமா நெடுநேரம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இவ எங்ஙன ஓடாம நின்னா?” என்று கேட்டார்.

“நான் ஒண்ணும் செய்யல்ல மாமா.”

“அதாக்கும் காரியம்” என்றார். எனக்கு அது விளங்கவில்லை.

ஒளி விழும்போது மற்ற இடங்களை அட்டைத்துண்டால் மறைத்து, அம்மாவின் முகத்தை மட்டும் தனியாக அச்சிட்டு எடுத்தார். தோளருகில் தெரிந்த பட்டாளத்தானின் தொப்பி ஓரத்தைப் பென்சிலால் தேய்த்துவிட்டார். இன்றைக்கும் அங்கே ஒரு மங்கல் உண்டு. கறை என்று நினைத்து மருமகள் துடைத்துப் பார்த்திருக்கிறாள்.

அந்த வீட்டுக்கு மாமா பதினொரு படங்களைக் கொண்டுபோய்க் கொடுத்தார். பெரியவரின் மனைவி ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, அடியில் இன்னொன்று ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று கடைசிப் படத்தைத் திருப்பியும் பார்த்தாராம். “இதுல எனக்க மோன் எங்க?” என்று கேட்டாராம். பிலிம் கெட்டுப்போயிற்று, தப்பு என்னுடையது என்றார் மாமா. பெரியவரின் தம்பி கோபம் வந்தால் மலையாளத்துக்கு மாறுகிறவர். நாணமில்லேடா நினக்கு என்று தொடங்கியவர் நிறுத்துவதற்கு வெகுநேரம் பிடித்ததாம். எங்கள் வீட்டில் வந்து மாமா இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொன்னார். என் பக்கம் பார்க்கவே இல்லை. அப்பா மட்டும், ஆட்டையும் குடையையும் எடுத்துத் திரிந்தால் இப்படித்தான் ஆகும் என்றார்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்ததும் மாமா என்னை சைக்கிள் கம்பியில் ஏற்றிக்கொண்டார். ஓடைப் பாலத்தைத் தாண்டியபோதுதான் எங்கே போகிறோம் என்று தெரிந்தது. என்னை ஒப்படைக்கக் கொண்டுபோகிறார் என்று நினைத்தேன். சொல்லவேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

பெரியவரின் மனைவியும் மகனும் பின்வாசலில் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். மரச்சீனிக் கிழங்கும், பொழியூர்ப் பெண்கள் கொண்டுவந்து விற்கிற சாளை மீனில் வைத்த கறியும். மாமா கேமராவை வெளியே எடுத்தார். அந்தம்மாளின் கை நின்றுவிட்டது.

“படம் எடுக்க இஞ்ச இப்பம் ஆரு செத்தா?”

“ஒருத்தரும் சாகல்ல அக்கா. அதாக்கும் வந்தேன். சும்மா ஒரு படம்.”

“சும்மாவா? இந்த அழுக்கு முண்டோடயா? நில்லு, வெளுத்தது உடுத்துகிட்டு வாறேன்.”

“வெளுத்தது வேண்டாம். நீங்க ரெண்டு பேரும் தின்னுங்கோ. நான் இஞ்ச இல்லேன்னு நெனச்சுக்கோங்கோ.”

“ஏம் அண்ணா, பட்டாளத்தில போட்டோவுக்கு நெஞ்ச விரிச்சு நிக்கச் சொல்லுவான். நீ மரச்சீனி திங்கச் சொல்லுதியே” என்றான் மகன். அடக்கத்துக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அதுவாகத்தான் இருக்கும் என்று இப்போது நினைக்கிறேன்.

அன்று எடுத்த படங்களில் ஒன்றைத்தான் பிற்பாடு மாமா ஸ்டுடியோ வாசலில் கண்ணாடிக்குள் வைத்தார். அந்தம்மாள் மீனில் முள்ளெடுத்துக் கொடுக்கிறார், மீசை வைத்த பட்டாளத்து மகன் வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கிறான். ஊர் முதலில் சிரித்தது. பிறகு ஒருத்தர் வந்து, எங்கள் வீட்டிலும் இதேபோல் ஒன்று எடுப்பாயா, அப்பாவுக்கு இப்போது நடமாட்டம் இருக்கிறது என்று கேட்டார். காஞ்சிரங்குளத்திலிருந்துகூட வந்து கூட்டிப்போனார்கள். சாவும் கல்யாணமும் இல்லாத வீடுகளின் முன்னால் மாமாவின் சைக்கிள் நிற்கத் தொடங்கியது அப்படித்தான். அது என்னால் நடந்தது என்று நான் சொல்லிக்கொள்ள முடியாது. என்னை மீறி நடந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். மாமா இரண்டு மூன்று எடுத்திருப்பார். அந்தம்மாள் ஏதோ யோசித்தவராகக் கையை உதறிக்கொண்டு எழுந்தார். உள்ளே போய், சாப்பிடும்போது போட்டு உட்காருகிற பலகை ஒன்றைக் கொண்டுவந்தார். நடுவில் குழிந்து, வழவழவென்று தேய்ந்த பலகை. அதை மகனுக்குப் பக்கத்தில் போட்டார். முந்தானையால் ஒரு தடவை துடைத்தார். பிறகு தன் இடத்தில் போய் உட்கார்ந்து, மாமாவைப் பார்த்து, “இப்பம் எடு மக்கா” என்றார்.

நான் காலையில் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. எனக்காகத்தான் பலகை போட்டிருக்கிறார் என்று நினைத்தேன். நேராகப் போய் அதில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

 மகன் என் தோளைப் பிடித்தான். “எலே, எழும்பு...”

“விடு. இரிக்கட்டு” என்றார் அந்தம்மாள்.

என்னையே சற்று நேரம் பார்த்தார். பிறகு ஒரு இலைத்துண்டைக் கிழித்து என் முன்னால் போட்டு, மரச்சீனி வைத்து, அதன்மேல் குழம்பை ஊற்றினார். மாமாவின் கேமராவில் அந்தச் சத்தம் கேட்டது.

அந்தப் பலகை பெரியவருடையது என்று மாமா சொல்லி நான் அறிந்தது வெகுகாலத்துக்குப் பிறகு. மூன்று பேரையும் ஒரு படத்தில் வைத்துக்கொள்ள அந்தம்மாள் தானாகக் கண்டுபிடித்த வழி அது. அன்றைக்கு எனக்கு அது தெரியாது. நம்மைக் காட்டிக்கொடுக்கக் கூட்டிவரவில்லை, விருந்துக்குத்தான் கூட்டிவந்திருக்கிறார் என்று நிம்மதியாக இருந்தது. சாளை நன்றாக இருந்தது. இன்னொரு துண்டு கேட்டேன். முள்ளை எடுத்துவிட்டு வைத்தார்.