காற்றுமானியில் நான் திணித்த துணி

எண்பதுகளில் நெய்வேலி சுரங்கத்தில் காற்றின் வேகத்தைக் குறிக்கும் வேலையில் இருவர் இருந்தோம். நான் பர்மனென்ட், குறிஞ்சிப்பாடி முருகேசன் கான்ட்ராக்ட். "முருகேசன் எழுதினா தப்பே இருக்காது" என்று இன்ஜினியர் எல்லோர் முன்னாலும் சொன்னதிலிருந்து எனக்கு வயிறு எரிந்தது. அவன் பெயர் கெடட்டும் என்று, ஒருநாள் அவன் ஷிப்டுக்கு முன் காற்றுமானியில் சுழலும் கிண்ணங்கள் மெதுவாகச் சுற்றும்படி அவற்றுக்கு அடியில் துணியைத் திணித்தேன்.

மதியம் புழுதிக்காற்று கிளம்பியது. கருவியோ மெல்லிய காற்று என்றே பதிந்தது. அதை நம்பி, பலத்த காற்றில் சாய்ந்துவிடக்கூடிய, மண் வெட்டும் பெரிய இயந்திரத்தை நிறுத்தாமல் ஓட்டினார்கள். அதன்மேல் நான்கு பேர் இருந்தார்கள். முருகேசன் மட்டும் கருவியை நம்பவில்லை. "மிஷினை நிறுத்துங்க!" என்று கத்திக்கொண்டே ஓடி நிறுத்தவைத்தான்.

பிறகு கம்பத்தில் ஏறித் துணியை எடுத்தவன் என்னைப் பார்த்தான். நான் தலை குனிந்தேன். இன்ஜினியரிடம், "தூசி அடைச்சிகினு இருந்துச்சுங்க" என்றான்.

இன்ஜினியரிடம் உண்மையைச் சொல்ல எனக்கு மூன்று நாளாயிற்று. அந்த மூன்று நாளும் என் மனதில் நன்றியைவிட, என்னால் அவனைப்போல் இருக்க முடியவில்லையே என்ற பொறாமைதான் அதிகம் இருந்தது.