பாதி மாத்திரை

எண்பதாம் வருஷம், தைப்பூசம் முடிந்த வாரம், எனக்கு மார்பில் புற்றுநோய் என்று சொன்னார்கள். இதை எழுதவே எனக்குக் கூச்சம். நம் வெள்ளிக்கிழமைப் பூஜையில் எழுந்து பேசச் சொன்னால் வாய் வராது. அதனால்தான் சகோதரிகளே, எழுதிக் கொடுக்கிறேன்.

அப்போது பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். மகள் கமலாவுக்கு ஏழு வயது. அறுவைச் சிகிச்சை முடிந்து வந்தபின் அவளுக்குத் தலை பின்னும்போதெல்லாம் அழுவேன். "இவ கழுத்துல தாலி ஏறுறதைப் பாக்கிற வரைக்கும் என்னை வை, தாயே." அம்மனிடம் அது ஒன்றுதான் கேட்டேன்.

நோய் திரும்பாமல் இருக்கத் தினமும் மாத்திரை. ஆஸ்பத்திரி பெஞ்சில்தான், கிள்ளான் ஊரிலிருந்து பஸ்ஸில் வரும் பாக்கியம் அக்காவைப் பார்த்தேன். அவருக்கும் அதே அறுவை. பஸ் ஏறுமுன் நாசி லெமாக், அதான் தேங்காய்ப்பால் சோறும் மிளகாய்ச் சம்பாலும், வாழையிலைப் பொட்டலமாக வாங்கி வருவார். "சாப்பிடு லா சரசு. கத்தியையே தாங்கிட்டோம், சம்பால் என்ன செஞ்சிடும்?" அந்த வாழையிலை வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது.

இரண்டு வருஷம் போனது. மாத்திரையை இதோடு நிறுத்தலாமா, இன்னும் சில வருஷம் தொடர்ந்தால் நல்லதா என்று தங்களுக்கே தெரியவில்லை என்றார் டாக்டர். அதைக் கண்டுபிடிக்கத்தான் ஆராய்ச்சி. விருப்பம் இருந்தால் சேரலாம். யாருக்கு நிறுத்துவது, யாருக்குத் தொடர்வது என்று மூடிய உறைதான் சொல்லும்.

"சீட்டுக் குலுக்கியா உசிரைப் பாக்கிறது?" என்று என் வீட்டுக்காரர் கோபப்பட்டார். எனக்கு அது புதிதாகத் தெரியவில்லை. நாமும் மனசு தெளியாதபோது வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் மடித்து வைத்து அம்மனைக் கேட்கிறோமே! சேரலாமா என்று பூ கேட்டேன். வெள்ளை வந்தது. சேர்ந்தேன்.

உறையைப் பிரித்தார்கள். அக்காவுக்குத் தொடர வேண்டும். எனக்கு நிறுத்த வேண்டும். அம்மன் கைவிட்டுவிட்டாள் என்றே நினைத்தேன்.

கேண்டீனில் அக்கா தன் மாத்திரை டப்பாவை என் பக்கம் தள்ளினார்.

"பாதி நீ எடுத்துக்கோ. யாருக்குத் தெரியப் போவுது?"

"உங்களுக்குக் குறைஞ்சிடுமே அக்கா."

"குறைஞ்சா குறையட்டும் லா. நான் பேரன் பாத்தாச்சு. உனக்குச் சின்னப் பிள்ளை."

கை நீட்டிவிட்டேன். டப்பா விரலில் பட்டது. அப்போது அந்த வெள்ளைப் பூ கண்ணில் வந்தது.

"வேணாங்க்கா. பூ கேட்டுட்டு, வந்ததை மாத்தலாமா? நாம கலந்து சாப்பிட்டா, நாளைக்கு வர்ற பொம்பளைங்களுக்கு எது நல்லதுன்னு எப்படித் தெரியும்?"

"பார்றா, ஆறாங்கிளாஸ் படிச்ச டாக்டரு!" என்று சிரித்தார். கண் நிறைந்திருந்தது.

பிறகு ஒவ்வொரு சோதனைக்கும் பயந்து பயந்துதான் போனேன். பெஞ்சில் சில இடங்கள் காலியாயின. தொடர்வதுதான் நல்லது என்று பல வருஷம் கழித்துச் சொன்னார்கள். இப்போது வருகிறவர்களுக்கு அப்படித்தான் கொடுக்கிறார்களாம். மாத்திரை இல்லாத பக்கம் நின்ற என்னையும் அம்மன் வைத்திருக்கிறாள். ஏன் என்னை என்று தெரியாது. போனவர்களுக்கும் சேர்த்துத்தான் விளக்கேற்றுகிறேன்.

தொண்ணூற்றெட்டில் கமலாவுக்குக் கல்யாணம். தாலி ஏறியதைக் கண்ணாரப் பார்த்தேன். பந்தியில் பாக்கியம் அக்கா என் இலைக்கு நேரே கை நீட்டினார். "பாதி மாத்திரைதான் வேணாம்னே. பாதி லட்டாவது வாங்கிக்கோ!"

வாங்கிக்கொண்டேன்.

சகோதரிகளே, உடம்பில் ஏதாவது தட்டுப்பட்டால் என்னைப்போல் கூச்சப்பட்டு நிற்காதீர்கள். டாக்டரிடம் போங்கள், மருந்து சாப்பிடுங்கள், அம்மனையும் கூப்பிடுங்கள். அவள் வருவாள். எனக்கு நாசி லெமாக் பொட்டலத்தோடு கிள்ளான் பஸ்ஸில் வந்தாள்.