வேலி தள்ள வந்த அமெரிக்கன்

கனடியக் குடியுரிமைச் சோதனையில் தவறியவர்களை நீதிபதி நேரில் கேள்வி கேட்கும் மொன்றியல் அலுவலகத்தில்தான் அந்தப் பெண்ணைச் சந்தித்தேன். கம்பளித் தொப்பி, காதில் பெரிய தோடு. ஜான்-டலோன் சந்தையில் தக்காளி அடுக்குபவர். எந்தச் சரித்திரத்தையும் எங்கள் யாழ்ப்பாணத்து வேலிச் சண்டையாக்கித்தான் மனப்பாடம் செய்வார். சரித்திரப் பட்டதாரியான நானும் தவறித்தான் வந்திருந்தேன்.

“1812இல ஏன் சண்டை, தங்கச்சி?”

“பிரித்தானியத் தாய்வீட்டோட கோவிச்சுப் பிரிஞ்ச அமெரிக்கன் வேலியை இஞ்சால தள்ளப் பார்த்தவன், அண்ணை. மொன்றியலுக்குக் கிட்ட வச்சுக் கலைச்சனாங்கள்!”

“நாங்களோ? நீங்கள் நேற்று வந்தனீங்கள்!”

“காணிக்குள்ள வந்தாப் பிறகு சண்டையும் எங்கடைதான்.”

உள்ளே போனவர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு வந்தார். “பாஸ், அண்ணை!” நீதிபதி சிரித்தபடி வாசல்வரை வந்து கைகொடுத்தார்.

நான் மறுபடியும் தவற, எனக்கு இன்னொரு தவணை தந்தார்கள். சந்தைப் பிரெஞ்சில் யாழ்ப்பாண வேலியை நீதிபதிக்கு அந்தத் தங்கச்சி எப்படித்தான் விளங்கப்படுத்தினாரோ!