மிஸ்ட் இறங்கும் நாள்

எங்கள் எஸ்டேட் லைன் வீட்டின் விறகடுப்பை என் கையாலேயே உடைத்தேன். நான்கு வயது மகளுக்கு ஓயாத மூச்சிழுப்பு. வீட்டில் புகையே கூடாது என்றார் குன்னூர் டாக்டர். "உன் அடுப்புதான் புள்ளயக் கொல்லுது" என்றார் கணவர். நான் கடப்பாரையை ஓங்கும்போது கைகட்டி நின்று பார்த்தார். அதன்பிறகு வெந்நீர்கூட கேஸில்தான். ஊதுவத்தியையும் நிறுத்தினேன். பிள்ளையைப் பார்க்கக் கொழுந்து பறிக்கிற வேலையையும் விட்டேன்.

நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள். எங்கள் வீட்டில் புகைகிற நெருப்பே இல்லை, இழுப்பு மட்டும் நிற்கவில்லை.

வீட்டுக்கு எதிரே இருக்கும் தேயிலை ஃபேக்டரியில் கணவருக்கு வேலை. தூள் காயவைக்கும் பெரிய அடுப்புக்கு விறகு தள்ளுவார். பனிமூட்டத்துக்கு எங்கள் பக்கம் மிஸ்ட் என்றுதான் பேச்சு. சில நாள் கிளம்பும்போது, "இன்னைக்கு மிஸ்ட் எறங்கும், சன்னலச் சாத்திப் போடு" என்பார். எவ்வளவு அக்கறையான தகப்பன் என்று லைன் முழுக்கப் பீற்றிக்கொண்டேன். சாத்திய சன்னல் இடுக்கில் பழந்துணி திணிப்பேன். அந்த நாட்களில்தான் இழுப்பு கூடும். குளிர் சேரவில்லை என்று கம்பளி சுற்றினேன், பைத்தியக்காரி.

போன மாசியிலும் ஒரு நாள் அப்படிச் சொல்லிவிட்டுப் போனார். அன்று வெயில் சுள்ளென்று அடித்தது, மலையில் ஒரு பொட்டு மிஸ்ட் இல்லை. மத்தியானம் பிளாஸ்டிக் பொசுங்கும் நாற்றம் வந்தது. தகரக் கூரைக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள நாலு விரல் சந்தில் கரும்புகை இறங்கிக்கொண்டிருந்தது. வெளியே ஓடிப் பார்த்தேன். ஃபேக்டரிப் புகைபோக்கி கக்கிக்கொண்டிருந்தது. உள்ளே வந்து மகளின் கட்டில் சட்டத்தைத் துடைத்தேன், துணி கறுத்துப்போனது.

சாயங்காலம் அந்தத் துணியை அவர் முன்னால் போட்டேன்.

"இதுதானுங்களா உங்க மிஸ்ட்டு?"

தலையைக் குனிந்துகொண்டார். "வெறகு பத்தாத நாள்ல பழைய சாக்கு, பிளாஸ்டிக்குன்னு போடச் சொல்றாங்க. வெளிய சொன்னா வேல போயிரும் புள்ள."

"நான் வெளியாளுங்களா?"

வேலைக்குப் பயந்தது எனக்குப் புரிகிறது. பழியை என் அடுப்பின்மேல் போட்டதைத்தான் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

மறுநாள் காலை மகளுடன் பிக்கட்டியிலுள்ள அக்கா வீட்டுக்குக் கிளம்பினேன். பஸ்ஸுக்கு நிற்கும்போது வெள்ளையாக, சில்லென்று மிஸ்ட் இறங்கியது. மகள் சட்டென்று மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"கையை எடு கண்ணு, இது நெசமான மிஸ்ட்."

அவள் எடுக்கவில்லை.