குடை விரித்துப் பார்த்த வீதிகள்

“பஞ்சு இந்த உலகத்துல எங்க பறந்தாலும் என்ற கண்ணுக்குத் தப்பாதுங்க. ஒரே ஒரு இழை போதும். எந்தக் காட்டுல வெளைஞ்சது, எந்த மில்லுல கொட்டை நீக்குனதுன்னு சொல்லிப்போடுவேன். என்ற புள்ளை மேல ஒரு இழை ஒட்டாத வீதியாப் பாத்துத்தான் திருப்பூர்ல குடி வெப்பேன். இல்லீன்னா அர்த்தநாரிங்கற பேரை மாத்தி வெச்சுக்கறேன்!”

1961-ஆம் வருஷம் தை மாதத்தில், கணியூரில் மாமியார் வீட்டில், பெற்ற மகளுக்கு மூன்றாம் மாதத்தில் மருதம்மாள் என்று பேர் வைத்த அன்று, பாயசத்துக்கும் மோருக்கும் இடைப்பட்ட நேரத்தில் அர்த்தநாரி செய்த பிரகடனம் இது. பந்தியில் நாற்பது பேர் இருந்தார்கள். ஒருவராவது மறுத்துப் பேசியிருக்கலாம். ஆனால் எல்லார் வாயிலும் சோறு இருந்தது. உலகத்தின் பெரிய பிரகடனங்கள் பலவும் இப்படித்தான் எதிர்ப்பில்லாமல் நிறைவேறியிருக்க வேண்டும்.

அவர் வெறும் வாய்ச்சொல் வீரர் என்று நினைத்துவிடக் கூடாது. மடத்துக்குளத்தில் ஒரு பருத்தி மண்டியில் பத்து வருஷம் பஞ்சு தரம் பார்த்தவர். மூட்டையில் கைவிட்டு ஒரு சிட்டிகை எடுப்பார். இரண்டு கட்டைவிரலுக்கும் நடுவில் வைத்து இழுப்பார். பிரிந்து வரும் இழைகளைத் தன் கறுப்புக் குடையை விரித்து அதன் மேல் பரப்புவார். கறுப்புத் துணியில் வெள்ளை இழையின் நீளம் பளிச்சென்று தெரியும். பிறகு ஒரு கண்ணை மூடிக்கொண்டு தீர்ப்புச் சொல்வார். வைத்தியருக்கு நாடி எப்படியோ, அர்த்தநாரிக்கு அந்தக் குடை அப்படி. மழையில் அதைப் பிடித்ததாகச் சாட்சி யாரும் இல்லை.

இந்தக் கீர்த்தி திருப்பூர் வரை எட்டி, அங்கே பருத்தியில் கொட்டை நீக்கும் ஒரு ஜின்னிங் மில்லில் வேலைக்கு அழைப்பு வந்திருந்தது. மாசி மாதம் போய்ச் சேர்ந்தார். மில் வளாகத்திலேயே ஓர் அறை. அங்கே அவருடன் தங்கியவர், பஞ்சை அழுத்திப் பேல் கட்டும் பிரஸ்ஸில் வேலை பார்க்கும் சலாவுதீன். மனைவி மயிலாளும் கைக்குழந்தையும் கணியூரில். வீடு கிடைத்ததும் வந்து அழைத்துப் போவதாக ஏற்பாடு. கெடு ஒன்றே ஒன்றுதான்: வைகாசி முடிவதற்குள் குடி வந்துவிட வேண்டும். ஆனியும் ஆடியும் குடி போக ஆகாத மாதங்கள் என்பதில் மாமியார் செல்லாத்தாளுக்கு இரண்டாவது கருத்து கிடையாது. விட்டால் ஆவணிதான்.

மூன்று மாத அவகாசம். ஒரு சாதாரண மனிதன் மூன்று நாளில் வீடு பிடித்திருப்பான்.

அர்த்தநாரியோ வீதி பார்க்கும் வேலையை விஞ்ஞானமாக மாற்றினார். மில்லில் சங்கு ஊதியதும், கொட்டகைச் சுவரில் பகல் பூராவும் ஆணியில் தொங்கிய குடையை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வார். தோளில் துண்டு. சலாவுதீனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். குறிப்பிட்ட வீதியின் நட்ட நடுவில் குடையை விரித்து வைத்து, பக்கத்தில் குத்த வைத்து உட்கார்ந்து, ஒரு வாய் வெற்றிலை மென்று முடிக்கும் வரை காத்திருப்பார். பிறகு குனிந்து எண்ணுவார். மூன்று இழை வரைக்கும் மன்னிப்பு உண்டு. நான்காவது இழை கண்ணில் பட்டால் அந்த வீதி தள்ளுபடி.

முதல் சோதனை வாலிபாளையத்தில் நடந்தது. அவர் குத்த வைத்த ஐந்தாவது நிமிஷம் ஓர் அம்மாள் இரண்டு உடைந்த குடைகளோடு வந்து நின்றாள்.

“இதுக்கு ரெண்டு கம்பி மாத்தோணுங்க. அதுக்குப் பிடி ஆடுது.”

“நான் ரிப்பேர்காரன் இல்லீங்க.”

“பொறவு எதுக்கு வீதியில கடை விரிச்சிருக்கறீங்க?”

அர்த்தநாரி விஞ்ஞானத்தை விளக்கினார். அந்த அம்மாள் முழுதும் கேட்டுவிட்டுக் குடைகளை எடுத்துக்கொண்டு சற்று வேகமாகவே வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

எண்ணிக்கை பதினொன்று. ஓர் இழையை நகத்தால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். “கம்போடியா ரகப் பருத்தி. நம்ம மில்லுச் சரக்குதான் சலாவுதீன். நேத்து பல்லடத்துல இருந்து வந்துச்சே, அந்த லோடு. இங்க வரைக்கும் பறந்து வந்திருக்குது பாரு!”

இந்தத் தீர்ப்பில் ஓர் எழுத்துக்கூடப் பிழை இல்லை. அது அவர் மில் பஞ்சுதான். பல்லடத்து லோடுதான். அவருடைய திறமையைக் குறைத்துப் பேச யாருக்கும் உரிமை இல்லை.

அடுத்த வாரம் கருவம்பாளையத்தில் சலாவுதீனே ஒரு வீடு பார்த்துச் சொன்னார். பழனாயி என்ற விதவை அம்மாளுடையது. இரண்டு அறை, தனிச் சமையல்கட்டு, பின்னால் கிணறு. குடிக்க நல்ல தண்ணீர் ஊறும் கிணறு என்பது அந்த ஊரில் வாடகைக்குக் கிடைக்கிற சமாச்சாரமே அல்ல. பழனாயி மோர் கொடுத்தாள். எத்தனை பேர், என்ன குலம், ஆட்டுரல் இருக்கிறதா என்று முறையாக விசாரித்தாள். அர்த்தநாரி மோரைக் குடித்துவிட்டு வீதிக்கு வந்து குடையை விரித்தார். ஒன்பது.

“எங்க வீதியில பஞ்சுங்களா?” பழனாயிக்கு முகம் சிவந்துவிட்டது. “வாக்கப்பட்டு வந்து முப்பது வருசமாச்சுங்க. ஒரு துளி கண்டதில்லீங்க.”

“உங்க கண்ணு பழகிப்போச்சுங்க அம்மணி. அதான் தெரியறதில்ல.”

“என்ற மோரைக் குடிச்சுப்போட்டு என்ற கண்ணைக் குத்தம் சொல்றாரே இந்த மனுசன்!” என்று பழனாயி சலாவுதீனிடம் முறையிட்டாள். சலாவுதீன் அந்தப் பக்கம் நின்ற மாட்டைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பங்குனியில் அனுப்பர்பாளையத்துக்குப் போனார்கள். வீட்டுக்கு வீடு பாத்திரம் தட்டும் ஊர். சத்தத்தில் பேச முடியாமல் அர்த்தநாரி விரலைக் காட்டினார்: ஏழு.

“அண்ணா, இங்க கரித்தூளு பறக்குது, பித்தளைத்தூளு பறக்குது!” சலாவுதீன் அவர் காதுக்குள் கத்தினார். “அதையெல்லாம் உட்டுப்போட்டு, மைல் கணக்குல தள்ளியிருக்கற நம்ம மில்லுப் பஞ்சைக் கண்டுபுடிச்சீங்களே, உங்களுக்கு மெடல் குத்தோணும்!”

பரிகாசம் அர்த்தநாரியின் காதில் விழவில்லை. அவருக்குக் காற்றின் மேல் சந்தேகம் வந்துவிட்டிருந்தது. மேற்கே போனாலும் பஞ்சு, கிழக்கே போனாலும் பஞ்சு. அப்படியென்றால் திருப்பூரில் காற்று ஒரே சமயத்தில் எல்லாத் திசையிலும் வீசுகிறது என்றுதானே அர்த்தம்? இதை மயிலாளுக்கு இரண்டு பக்கக் கடிதமாக எழுதினார். பதிலாக வந்த தபால் கார்டில் மயிலாள் எழுதியது ஒரே வரி: “மருதம்மாள் குப்புற விழுந்துவிட்டாள்.” குப்புற விழுந்தால் குழந்தை வளர்ந்துவிட்டது என்று அர்த்தம். அதை அவர் இன்னும் பார்க்கவில்லை என்பது அதற்குள் இருக்கும் இன்னொரு அர்த்தம். அர்த்தநாரி அந்தக் கார்டைப் பத்து தடவை படித்தார்.

அதற்குப் பிறகு அவரால் ஓர் இடத்தில் நிற்க முடியவில்லை. சாப்பாட்டுக் கடையில் இலை போட்டதும் எழுந்து போய் எதிர்ச் சந்தின் கூரைகளைப் பார்த்துவிட்டு வருவார். வருவதற்குள் ரசம் ஆறியிருக்கும். சித்திரை வெயிலில் ஊத்துக்குளி ரோடு, காங்கயம் ரோடு, தாராபுரம் ரோடு என்று நடந்து செருப்பின் குதிகால் தேய்ந்து காகிதமாயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை மங்கலம் ரோட்டில் ஊரைத் தாண்டி, ஒரு சோளக்காட்டின் நடுவில் குடையை விரித்தார்.

“அண்ணா, இங்க ஊடே இல்லீங்களே?”

“குடியிருக்கறதுக்கு இல்லப்பா, ஆராய்ச்சிக்கு.”

ஆறு இழை. அர்த்தநாரி சோளக்காட்டைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், உதட்டைக் கடித்துக்கொண்டார். சோளம் விளையும் காட்டில் பஞ்சு எப்படி என்ற கேள்வி அவரைக் கொன்றது. காற்றைத் திட்டினார்.

சித்திரைக் கடைசியில் கணியூர் போனார். ஆசையாகக் குழந்தையைத் தூக்கினார். அது மூன்று தும்மல் போட்டது, பிறகு தெருவுக்கே கேட்கிற மாதிரி வீறிட்டது.

“ஊருக்குள்ள தூசி ஜாஸ்தியாப் போச்சு” என்றார் அர்த்தநாரி.

செல்லாத்தாள் குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். “மாப்பிள்ளை, ஊடு பாக்கறீங்களா, இல்ல திருப்பூருக்குச் சர்வே எடுக்கறீங்களா? வைகாசி போனா ஆவணி. அதுக்குள்ள புள்ளை எந்திரிச்சு நடந்துபோடும். நீங்க வாசல்ல வந்து நின்னா, ‘ஆரோ வந்திருக்காங்க’ன்னு உள்ளாற ஓடிரும்.”

அர்த்தநாரிக்கு அது நெஞ்சில் இறங்கியது. மயிலாள் அவருடைய சட்டைக் காலரிலிருந்து எதையோ எடுத்து, விரலில் வைத்துப் பார்த்து, ஊதிவிட்டாள்.

வைகாசியில் மேல்காற்று ஆரம்பித்தது. சோதனைகள் இன்னும் தீவிரமாயின. ஒரு நாளைக்கு இரண்டு வீதி, மூன்று வீதி. தேதி இருபத்தெட்டு ஆகிவிட்டது. திருப்பூரில் குடியிருக்கத் தகுந்த வீதியே இல்லை என்ற முடிவுக்கு அவர் வந்து சேர்ந்த அன்று, மத்தியானம், மில் வாசலில் மயிலாள் நின்றாள். இடுப்பில் குழந்தை, காலடியில் தகரப் பெட்டி, பெட்டிக்கு மேல் பால் காய்ச்சப் புதுப் பானை.

அர்த்தநாரி ஓடி வந்தார். “சொல்லாமக் கொள்ளாம இப்படி வந்தா எப்படி? வீதி இன்னும் அமையிலயே!”

“இன்னும் மூணு நாள்தானுங்க இருக்குது. ஒரு ஊடு காட்டுங்க. எதா இருந்தாலுஞ் சரி.”

“தங்கச்சி, அந்தப் பழனாயியம்மா ஊடு இன்னும் காலியாத்தான் கெடக்குது” என்றார் சலாவுதீன்.

“அங்க ஒம்போது இழை!” என்று அர்த்தநாரி அலறினார். அதற்குள் சலாவுதீன் பெட்டியைத் தூக்கியாகிவிட்டது.

பழனாயி இவரைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். குழந்தையைப் பார்த்ததும் திருப்பிய முகத்தை மறுபடி திருப்பினாள். மயிலாள் வீட்டைச் சுற்றிப் பார்த்தாள், கிணற்றுத் தண்ணீரை ஒரு வாய் குடித்தாள். பிறகு கையை நீட்டினாள்.

“ஏனுங்க, அந்தக் குடையைக் கொஞ்சம் குடுங்க.”

அர்த்தநாரி பத்து வருஷத்தில் அதை யாரிடமும் கொடுத்ததில்லை. கொடுத்தார். மயிலாள் கிணற்றடியில் அதை விரித்து, நாலு வாளித் தண்ணீர் ஊற்றித் துணியை அலசி, கம்பிச் சந்துகளில் விரலை விட்டுத் துழாவினாள். கொடியில் மாட்டியதும் மேல்காற்று அதைச் சட்டென்று காயவைத்தது. வீதி நடுவில் கொண்டுபோய் வைத்தாள்.

“நீங்க அக்கட்டால, அந்த முக்குல போய் நில்லுங்க.”

“நான் எதுக்கு அங்க? எண்ண வேண்டாமா?”

“நான் எண்ணிக்கிறனுங்க. நீங்க நில்லுங்க.”

முக்கில் நின்றார். நின்றார் என்பது மரியாதைக்குச் சொல்வது. இந்தக் காலில் ஒரு தடவை, அந்தக் காலில் ஒரு தடவை, எட்டிப் பார்ப்பதும் பின்வாங்குவதுமாக அரைமணி நேரம் அந்த முக்கை மிதித்துத் தீர்த்தார்.

“ஒண்ணுமில்லீங்க. வந்து பாருங்க” என்று மயிலாள் கூப்பிட்டாள்.

வந்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, குடையைச் சுற்றி வந்து, ஒவ்வொரு கம்பிக்கும் இடையில் பார்த்தார். கறுப்பு. சுத்தக் கறுப்பு. மூன்று மாத வேதனை விட்டுப் போன நிம்மதியில் குனிந்தபடியே தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

குடையின் மேல் நான்கு இழைகள் மெல்ல வந்து உட்கார்ந்தன.

பழனாயி குனிந்து பார்த்துச் சொன்னாள்: “அது எங்க வீதிப் பஞ்சு இல்லீங்க. இப்பத்தான் குடி வந்துச்சு.”

சலாவுதீனுக்கு அவசரமாக இருமல் வந்தது. அர்த்தநாரி ஓர் இழையை நகத்தால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். பழக்கம் விடவில்லை. “கம்போடியா…” என்று ஆரம்பித்தார்.

“எந்த மில்லுங்க?” மயிலாள் வெகு பணிவாகக் கேட்டாள்.

அவர் துண்டைப் பார்த்தார். சட்டையைப் பார்த்தார். வாலிபாளையம், அனுப்பர்பாளையம், சோளக்காடு எல்லாம் வரிசையாக மனதில் வந்து, மன்னிப்புக் கேட்கச் சொல்லி நின்றன. ஊர் பூராவும் பஞ்சு சுமந்து போய்த் தூவிவிட்டு வந்த காற்றுக்குச் செருப்பு தேய்ந்திருந்தது.

“போய்க் கெணத்தடியில குளிச்சுப்போட்டு வாங்க” என்றாள் மயிலாள். “பாலு காச்சோணும். பெட்டியில வெளுத்த வேட்டி இருக்குது.”

பத்து வாளி இறைத்துக் குளித்தார். தலையைத் தேய்த்து, காதைக் குடைந்து, கழுத்தை உரசி, வெளுத்த வேட்டி கட்டி, கூடத்தில் வந்து ஒரு குற்றவாளியைப் போல உட்கார்ந்தார். சமையல்கட்டில் பால் பொங்கும் வாசனை. பழனாயி குழந்தையைக் கொண்டுவந்து பாயில் விட்டாள். அது தவழ்ந்து அவர் முழங்கால் வரை வந்து நின்று அண்ணாந்து பார்த்தது. தும்மல் வரப்போகிறது என்று அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

தும்மல் வரவில்லை. குழந்தை அவர் மடியில் கையூன்றி ஏறி நின்று, ரொம்ப யோசித்து, அவருடைய வலது புருவத்தில் விரலை விட்டு எதையோ பிடுங்கியது. விரல்களுக்கு நடுவில் வெள்ளையாக ஓர் இழை. கண்ணுக்கு மேலே ஓர் அங்குலம்கூட இல்லாத இடத்திலிருந்து வந்தது.

“என்னுங்க அது, வாயில போடப்போகுது!” என்று மயிலாள் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துக் கேட்டாள்.

அர்த்தநாரி இழையைக் குழந்தையின் விரலிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவில்லை. குழந்தை அதற்குள் அடுத்த புருவத்துக்குக் கையை நீட்டிவிட்டது. அவர் தலையை இன்னும் கொஞ்சம் தாழ்த்திக் கொடுத்தார்.