பத்து எபிசோடும் ஆறு கட்டிலும்

டயாலிசிஸ் தாதியின் வேலையில் பாதி ஊசி ஏற்றுவது, மற்றப் பாதி நாலு மணித்தியாலம் அசைய முடியாமல் படுத்திருக்கிற ஆட்களுக்கு மத்தியஸ்தம் பண்ணுவது. வீட்டில் ரிமோட்டுக்குச் சண்டை பிடித்தவர்களுக்கு என்னுடைய பாடு விளங்கும்.

வெள்ளவத்தையில் கடல் பக்கம் இறங்குகிற ஒழுங்கை ஒன்றில் எங்கள் நிலையம். ஆறு கட்டில், ஆறு மெஷின், ஒரே ஒரு டிவி. சிறுநீரகம் வேலை செய்யாதவர்களின் இரத்தத்தை மெஷின் எடுத்துச் சுத்தமாக்கித் திருப்பிக் கொடுக்கும். திங்கள், புதன், வெள்ளி வருகிறவர்கள் ஒரு கோஷ்டி. செவ்வாய், வியாழன், சனிக்காரர் இன்னொரு கோஷ்டி. கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் ஏறி வந்து நான் திங்கள் கோஷ்டியைப் பார்க்கிறேன். கொலைகாரனைத் தேடுகிற பத்து எபிசோட் தொடர் ஒன்றைச் சேர்ந்து பார்ப்பது என்று எங்கள் ஆட்கள் முடிவு கட்டினார்கள். ஒரு நாளைக்கு ஒரு எபிசோட். வீட்டில் தனியாக முன்னுக்குப் பார்ப்பது பெருங்குற்றம்.

ஆறா, இருபத்திநாலா

முதல் நாளே தொடங்கிவிட்டது. மூன்றாம் கட்டில் சிவம் மாஸ்டர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். ஒரு சீசன் ஆறு எபிசோட்டைத் தாண்டக் கூடாது என்பது அவருடைய கட்சி. ஒரு கொலை, நாலு சந்தேகம், ஒரு விடை, இதற்கு ஏன் பத்து என்று கேட்பார். நாலாம் கட்டில் நளீம் நானா துணிக்கடைக்காரர். அவருக்கு இருபத்திநாலும் போதாது. கொலன்னாவையிலிருந்து வருகிற ராணி அக்கா இரண்டு பேருக்கும் தலையாட்டிவிட்டு டிவியைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

மாஸ்டர் விரல் விட்டு எண்ணி விளக்கி முடிக்கும் வரை நளீம் நானா பொறுமையாக இருந்தார். பிறகு தன் கையில் ஓடுகிற குழாயைக் காட்டிச் சொன்னார்: "மாஸ்டர், நாம இங்க இருந்து எழும்பி எங்கயும் போகப் போறல்ல. கொலகாரனுக்கு மட்டும் என்ன அவசரம்?"

ராணி அக்காவின் பிரஷர்

அரை மணித்தியாலத்துக்கு ஒரு தரம் பிரஷர் பார்ப்பேன். மூன்றாவது எபிசோட்டில் இன்ஸ்பெக்டர் தனியாக மூட்டை அடுக்கிய ஒரு இருட்டுக் கிட்டங்கிக்குள் நுழைந்த நேரம், ராணி அக்காவின் மெஷின் கத்தத் தொடங்கியது. பிரஷர் ஏறிக் கிடந்தது. டொக்டரைக் கூப்பிட்டேன்.

டொக்டர் ஓடி வந்து ராணி அக்காவைப் பார்த்தார், டிவியைப் பார்த்தார், ரிமோட்டை எடுத்து நிறுத்தினார். ஐயையோ, மற்றக் கட்டில்களிலிருந்து வந்த சத்தம்! "நெஞ்சு நோகுதா? மூச்சு முட்டுதா?" என்று அவர் கேட்க, ராணி அக்கா சொன்னார்: "எனக்கு ஒண்ணும் இல்லீங்க டொக்டர். அந்த இன்ஸ்பெக்டர் தம்பிய முதல்ல வெளிய வரச் சொல்லுங்க."

நளீம் நானா செய்த பிழை

வெள்ளிக்கிழமை சொந்தத்தில் ஒரு கல்யாணம் என்று நளீம் நானா தன் முறையைச் சனிக்கு மாற்றிக் கேட்டார். யோசிக்காமல் ஓம் என்றேன், என்னுடைய மடத்தனம். சனிக்காரரும் அதே தொடரைத்தான் பார்த்தார்கள், எங்களுக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு அவர்கள் பார்த்தது கடைசி எபிசோட். மனுசன் கண்ணை இறுக்கி மூடியிருக்கிறார். ஆனால் ஒரு கையில் ஊசி. காதுகள் இரண்டு, சும்மா இருக்கிற கை ஒன்று.

திங்கட்கிழமை வந்தவருக்கு வாய்க்குள் கொலைகாரனின் பெயர் கொதித்துக்கொண்டிருந்தது. சந்தேகத்துக்குரிய ஆள் திரையில் வந்தால் இருமினார். இருமாவிட்டாலும் மாஸ்டர் அதிலிருந்து கணக்குப் போட்டார். கடைசியில் நளீம் நானா என்னைக் கிட்டக் கூப்பிட்டுக் கெஞ்சினார்: "மிஸ்ஸி, ரத்தத்த மட்டும் கழுவி என்ன பிரயோசனம்? சனிக்கிழம கேட்டதயும் சேத்துக் கழுவி உடுங்க."

மிச்சம் இரண்டு

மாஸ்டருக்கு அவருடைய தங்கச்சி சிறுநீரகம் கொடுப்பதாக இருந்தது. பரிசோதனைகளே ஒரு வருடம் இழுத்தன. திடீரென்று நாள் வந்தது: வரும் திங்கள் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வெள்ளிக்கிழமை நாங்கள் எட்டாவது எபிசோட்டை முடித்திருந்தோம். எனக்குச் சந்தோசமும் பயமும் ஒன்றாக வந்தது. போனவர்கள் எல்லோரும் நல்லபடியாக வந்ததில்லை. அது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும்.

ஊசியைக் கழற்றிப் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி, "மாஸ்டர், கொஞ்சம் இருங்கோ, மற்ற ரெண்டையும் போட்டு விடுறன், பார்த்திட்டுப் போங்கோ" என்றேன். காதுக்குள் பெயரைச் சொல்லிவிடவும் நளீம் நானா தயாராக நின்றார். ஆறுக்கு மேல் ஆகாது என்று அத்தனை நாள் வாதாடிய மனிதர் டிவியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "வேண்டாம் பிள்ளை. ரெண்டையும் வைச்சிருங்கோ. எனக்கு இங்க முடிக்காத வேலை ஒண்டு இருக்கோணும்."

தண்ணீர்ப் போத்தல்

அதற்குப் பிறகு அந்தத் தொடரை ஒருவரும் போடச் சொல்லவில்லை. சமையல் நிகழ்ச்சி பார்த்தோம், கிரிக்கெட் பார்த்தோம். ரிமோட் ராணி அக்காவின் தலையணைக்குக் கீழே இருந்தது. ஒப்பரேஷன் நல்லபடி முடிந்தது, தங்கச்சியும் சுகம் என்று செய்தி வந்தது. ஆனாலும் கிருமி தொற்றிவிடும் என்று ஆட்கள் கூடுகிற இடத்துக்குப் போக மாஸ்டருக்கு மாதக் கணக்கில் தடை.

ஒரு புதன்கிழமை முகக்கவசத்தோடு வந்து நின்றார். பழக்கத்தில் நேரே மூன்றாம் கட்டிலுக்குப் போனார், அதில் வேறொருவர் படுத்திருந்தார். கதவோரமாகக் கதிரை போட்டேன். புதுச் சிறுநீரகத்துக்கு நிறையத் தண்ணீர் வேண்டும் என்று பெரிய போத்தலொன்று கையில். தண்ணீர் கூடக் குடிக்கக் கூடாது என்று அளந்து அளந்து வாய் நனைக்கிற எங்கள் ஆட்கள் டிவியை விட்டுவிட்டு அந்தப் போத்தலையே பார்த்தார்கள். சட்டத்தை மீறி இரண்டு எபிசோட்டையும் ஒரே மூச்சில் போட்டேன். கொலைகாரன் பிடிபட்டான். நளீம் நானா அத்தனை மாதமும் அடக்கி வைத்த மூச்சை விட்டார். நான் மெஷினைப் பார்க்கிற சாட்டில் திரும்பி நின்று அழுதேன். எல்லோரும் மாஸ்டரின் முகத்தையே பார்க்க, அவர் போத்தலை மூடினார்: "நான் அப்பவே சொன்னனான். இதை ஆறிலேயே முடிச்சிருக்கலாம்."

ஒரு சீசனுக்கு எத்தனை எபிசோட் சரி என்று தயவு செய்து என்னிடம் கேளாதேங்கோ, பத்து எபிசோட்டை ஐந்து மாதமாகப் பார்த்தும் நீளம் என்று சொல்ல மனம் வராத ஆள் நான்.