வரவு எண்பது, கோல் பூச்சியம்

இன்றைக்கு எங்கள் ஸ்கூல் புட்போல் டீமில் விளையாடத் தகுதியுள்ள ஒரே ஆள் நான்தான். சிரிக்காதீங்க.

நேற்று வரைக்கும் என் வேலை, கோட்டுக்கு வெளியே தண்ணிப் போத்தலோடு நின்று கத்துவது.

காலையில் புட்போல் சேர் வந்து சொன்னார்: "ஸ்கூல் வரவு எண்பது வீதம் இல்லாத எவனும் மெட்ச்சுக்கு வர ஏலா."

டீமே தலை குனிந்தது. இந்த மெட்ச்சை வெல்ல வேணும் என்றுதான் அவனுகள் ஸ்கூலுக்குக் கட் அடித்து, கடற்கரையில் தோணிகளுக்கு நடுவே பந்து அடித்தானுகள்.

எனக்கும் கட் அடிக்க ஆசைதான். ஆனால் வாப்பா தினமும் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து, நான் கேட்டுக்குள் போகும்வரை பார்த்துக்கொண்டே நிற்பார்.

"சேர், அப்ப நான் மட்டும் போய் விளையாடவா?"

"வாயப் பொத்துடா! மெட்ச்சுக்கு இன்னும் நாள் இரிக்கி. நாளையிலிருந்து ஒழுங்கா வந்தா எல்லாருக்கும் எண்பது வரும்."

இன்டவலில் கெப்டன் றிஸ்வான் என் தோளில் கை போட்டான். இதுவரை எனக்கு ஒரு பாஸ் தராதவன்.

"மச்சான், உன்ட வாப்பா காலையில எங்கட வீட்டடியாலயும் வருவாரா?"

"வருவார். பெனால்டி ஆரு அடிக்கிற?"

தோளிலிருந்து கையை எடுத்தான்; திரும்பவும் போட்டான். "நீதான்."

நாளைக் காலையில் வாப்பா கெப்டன் வீட்டு வாசலில் ஹோன் அடித்து, அவனையும் ஸ்கூலுக்கு ஏற்றிக்கொண்டு வருவார்.

பெனால்டியை வெளியே அடித்துவிட்டால் எங்கே ஒளிந்துகொள்ளலாம்? இடம் தெரிந்தவர்கள் கொமண்டில் சொல்லுங்க.